பந்தும் முடிவும் பிள்ளைகளிடம்: 6 முதல் 12 வயது வரை கால்பந்துப் பயிற்சி

பத்து வயதுப் பிள்ளைகள் பெரிய மைதானத்தில் பதினொருவர் ஆட்டம் ஆடும்போது ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கோட்டோரம் நில்லுங்கள். அணியில் சுமாராக ஆடும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள், நன்றாக ஆடுபவர் வேண்டாம். அந்தப் பிள்ளையின் காலில் பந்து படும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். இருபது நிமிடம் போதும். பிறகு அதே பிள்ளையை மூன்று பேருக்கு மூன்று பேர் என்று சின்ன இடத்தில் ஆடவிட்டு, மறுபடியும் இருபது நிமிடம் எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. பெரிய மைதானத்தில் அந்தப் பிள்ளை ஓடுகிறது, வியர்க்கிறது, களைக்கிறது. கால்பந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் கிடைப்பதில்லை.

இதை ஒரு நாடே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. 2000-ல் பெல்ஜியம் நெதர்லாந்துடன் சேர்ந்து ஐரோப்பியக் கோப்பையைச் சொந்த மண்ணில் நடத்தி, குழுச் சுற்றோடு வெளியேறியது. அதன்பின் பெல்ஜியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநர் மிஷேல் சாப்லோன் தலைமையில், சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடித்து, லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு அலசினார்கள். சின்ன வயதில் பந்து பிள்ளைகளிடம் வந்து சேர்வதே அரிது என்று தெரிந்தது. அதனால் ஆட்டத்தையே வயதுக்கு ஏற்பச் சுருக்கினார்கள்: முதலில் இரண்டுக்கு இரண்டு, பிறகு ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு, கடைசியில்தான் பதினொருவர். மிகச் சின்ன வயதுப் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். 2015 நவம்பரில் பெல்ஜியம் உலகக் கால்பந்து அமைப்பான பிபாவின் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது, 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தது. எல்லாம் இந்த ஒரு மாற்றத்தால் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் அந்தத் தலைமுறையின் அடித்தளத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மனியும் 2024-25 பருவத்திலிருந்து 11 வயதுக்கு உட்பட்ட பிரிவுகள் வரை சின்ன ஆட்ட வடிவங்களைக் கட்டாயமாக்கிவிட்டது.

தொடுதல்களின் எண்ணிக்கை பாதி விஷயம்தான். ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னால் பிள்ளை எதையாவது பார்க்கிறது, தேர்ந்தெடுக்கிறது, பிறகுதான் கால் அசைகிறது. வரிசையில் நிறுத்தி, கூம்பு வடிவக் கோனைச் சுற்றி வந்து, "அந்தப் பக்கம் பாஸ் போடு" என்று சொல்லும் பயிற்சியில் பார்ப்பதும் தேர்ந்தெடுப்பதும் பயிற்சியாளருடைய வேலையாகிவிடுகிறது. பிள்ளைக்குக் கால் மட்டும் வேலை செய்கிறது. ஆட்ட நாளில் அதே பிள்ளை பந்தோடு திகைத்து நின்றால், "பயிற்சியில் நன்றாகச் செய்கிறான், மேட்சில் சொதப்புகிறான்" என்கிறோம். பயிற்சியில் அந்தப் பிள்ளை முடிவெடுத்ததே இல்லை என்பதுதான் காரணம். எனவே 12 வயது வரை பயிற்சியாளரின் முதல் வேலை, எங்கே நிற்பது, எப்போது பாஸ் கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பது அல்ல. பிள்ளைகள் தாங்களாகவே நூறு முறை முடிவெடுக்க வேண்டிவரும்படி ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பது.

நான்கு கோல் ஆட்டம்

ஒரே ஒரு பயிற்சியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து பிறகு சிறுவர் கால்பந்துக்கு வந்த ஜெர்மானியர் ஹோர்ஸ்ட் வைன் 'புனினோ' என்ற பெயரில் பரப்பிய வடிவம் இது. நீளம் ஏறக்குறைய 28 மீட்டர், அகலம் 22 மீட்டர். ஒவ்வொரு முனைக் கோட்டிலும் இரண்டு சின்ன கோல், ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலம், இரண்டும் மூலைகளை ஒட்டி. கோல் கோட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி வந்து அடித்தால்தான் கோல். அணிக்கு மூவர் உள்ளே, ஒருவர் வெளியே. கீப்பர் கிடையாது, ஆப்சைடு கிடையாது, த்ரோ கிடையாது. பந்து வெளியே போனால் கோட்டில் வைத்து, உள்ளே ஓட்டிக்கொண்டோ பாஸ் கொடுத்தோ தொடங்க வேண்டும். எதிரணி 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோல் விழுந்ததும் இரு அணியிலும் வெளியே நிற்பவர் உள்ளே வர, ஒருவர் வெளியே போவார். இரண்டு நிமிடமாகக் கோலே விழாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வெளியே நிற்கும் பிள்ளை சலித்துப்போகும்.

நான்கு கோல் ஏன்? ஒரு பக்கம் ஆள் குவிந்தால் மறுபக்கக் கோல் காலியாக இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்கியே ஆக வேண்டும். "தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு" என்று ஓராண்டு கத்தினாலும் நடக்காததை இரண்டாவது கோல் செய்துவிடுகிறது. மூவர் என்பதிலும் பொருள் உண்டு. பந்து வைத்திருப்பவருக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் என்று எப்போதும் இரண்டு வழி இருக்கும், தானே ஓட்டிச் செல்வது மூன்றாவது வழி. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் தெரிவு தேவையில்லை.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. பிள்ளைகள் தங்கள் கோலின் முன் காவல் நின்றுவிடுவார்கள். அப்படி நடந்தால் களத்தின் நீளத்தை இரண்டு மூன்று மீட்டர் கூட்டிப் பாருங்கள். தாக்குபவர்களுக்கு இடம் கிடைத்ததும் காவல் நிற்பது பயன் தராது என்பது அவர்களுக்கே புரியும். ஒரே பிள்ளை எல்லாக் கோலையும் அடித்தால், "மூன்று பாஸ் கொடுத்த பிறகுதான் கோல்" என்ற விதியைக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதை வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் மூன்று மீட்டருக்குள் பொருளில்லாமல் தட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள், பந்தை ஓட்டி ஆளைத் தாண்டும் நல்ல ட்ரிப்ளருக்கும் கை கட்டிப்போட்டதாகிவிடும். அதற்குப் பதிலாக, கோல் அடித்தவர் முதலில் வெளியே போக வேண்டும் என்று வையுங்கள். மூன்று கோல் பின்தங்கிய அணி வெளியே நிற்பவரையும் சேர்த்து நால்வராக ஆடலாம். இரண்டு களம் இருந்தால், ஏழு நிமிட ஆட்டம் முடிந்ததும் வென்ற அணிகள் ஒரு களத்துக்கும் தோற்ற அணிகள் மறு களத்துக்கும் போகட்டும். இரண்டு மூன்று சுற்றில் சமபலமான அணிகள் தானாக நேருக்கு நேர் வந்துவிடும். 12-0 என்ற ஆட்டத்தில் இரண்டு பக்கப் பிள்ளைகளும் எதையும் கற்பதில்லை.

சின்ன கோல் வாங்கப் பணமில்லை என்றால் இரண்டு கோன் போதும், பாதி மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலும் போதும். செங்கல் வைக்காதீர்கள், விழுந்தால் முகம் போகும். கோடு போடச் சுண்ணாம்புத் தூளைத் தவிர்த்து விடுங்கள். அது கண்ணில் பட்டால் புண்ணாகும். கோலப்பொடி பயன்படுத்தலாம், எங்கும் கிடைக்கும்.

75 நிமிடம், 16 பிள்ளைகள்

வந்து சேரும் 15 நிமிடம்தான் பெரும்பாலும் வீணாகிறது. எல்லோரும் வந்த பிறகு தொடங்குவது, இரண்டு சுற்று ஓடவிடுவது, கை காலை நீட்டி மடக்க வைப்பது. இதெல்லாம் வேண்டாம். முதல் இரண்டு பேர் வந்ததும் ஒருவருக்கு ஒருவர் ஆடத் தொடங்கட்டும். மூன்றாவது ஆள் வந்தால் இருவருக்கு ஒருவர், நான்காவது வந்தால் இரண்டுக்கு இரண்டு. அடுத்து வருபவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு களம் திறங்கள். சீக்கிரம் வந்தால் அதிகம் ஆடலாம் என்று தெரிந்த பிள்ளைகள் நேரத்துக்கு வருவார்கள். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதால் இந்த வயதில் கிடைக்கும் உடல் தகுதி ஏதும் பந்தோடு ஓடும்போது கிடைக்காதது அல்ல.

அடுத்த 10 நிமிடம் ஆளுக்கொரு பந்து. எட்டு வயது வரை 3-ம் அளவுப் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4-ம் அளவு, அதன்பிறகு 5. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 5-ம் அளவுப் பந்தின் எடை 410 முதல் 450 கிராம், 3-ம் அளவுப் பந்து 300 கிராமை ஒட்டி இருக்கும். ஏழு வயதுப் பிள்ளை பெரிய பந்தைக் கால் விரல் நுனியால் குத்துவதற்குக் காரணம் பந்தின் எடைதான். காற்றையும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். சமமில்லாத மண் தரையில் கல்போல் காற்றடைத்த பந்து முழங்கால் உயரம் துள்ளிக்கொண்டே இருக்கும், கட்டுப்படுத்தப் பழகவே முடியாது.

இந்தப் பத்து நிமிடத்துக்கு நல்ல விளையாட்டு, 15 மீட்டர் சதுரத்தில் எல்லோரும் பந்தை ஓட்டிக்கொண்டே மற்றவர் பந்தை வெளியே தட்டிவிடுவது. பந்து போனவர் 'அவுட்' என்று உட்கார வைப்பது எங்கும் நடக்கும் தவறு. முதலில் அவுட் ஆகிறவர்தான் அதிகம் பழக வேண்டியவர், அவரைத்தான் அதிக நேரம் சும்மா உட்கார வைக்கிறோம். பந்தை எடுத்து வந்து, வெளியே நின்று பத்து முறை உள்ளங்காலால் பந்தின் மேல் மாறி மாறித் தொட்டுவிட்டு உடனே உள்ளே வரட்டும்.

பிறகு 15 நிமிடம் ஒருவருக்கு ஒருவர். களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், இரு முனையிலும் ஒன்றரை மீட்டர் கோல். ஒரு களத்துக்கு இரண்டு ஜோடி: ஒரு ஜோடி 20 வினாடி ஆடும்போது மற்ற ஜோடி மூச்சு வாங்கும். தடுப்பவர் பந்தைத் தாக்குபவருக்கு அடித்துக் கொடுத்துவிட்டு உடனே ஓடி வர வேண்டும், பந்தைப் பறித்தால் அவர் எதிர்க் கோலைத் தாக்கலாம். 20 வினாடி முடிந்தால் நிறுத்திவிடுங்கள். இழுத்தால் இருவரும் களைத்து நடக்கத் தொடங்குவார்கள், நடந்தபடி செய்யும் ட்ரிப்ளிங் ஆட்டத்தில் உதவாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்றுதான். தடுப்பவரிடமிருந்து நான்கு மீட்டர் தள்ளியே உடலை வளைத்து ஏமாற்றப் பார்ப்பார்கள். அவ்வளவு தூரத்தில் தடுப்பவர் திரும்பி நிற்க நேரம் இருக்கிறது, ஏமாற மாட்டார். ஒன்றரை மீட்டருக்கு வந்து செய்ய வேண்டும். அடுத்தது, ஏமாற்றிய பிறகும் பந்தைக் காலோடே வைத்துக்கொண்டு அதே வேகத்தில் போவார்கள், தடுப்பவர் திரும்பி வந்து பிடித்துவிடுவார். தாண்டியதும் முதல் தொடுதல் இரண்டு மூன்று மீட்டர் நீளமாக, வேகத்தைக் கூட்டி இருக்க வேண்டும். மூன்றாவது, தாண்டிய பிறகு தடுப்பவர் ஓடி வரும் பாதையின் குறுக்கே தன் உடலைக் கொண்டுவர வேண்டும், அப்போதுதான் அவரால் காலை நீட்ட முடியாது. ஒரு நாளைக்கு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கோன்களை வளைந்து வளைந்து சுற்றுவது காலுக்குப் பழக்கம் தரும். ஆனால் கோன் முன்னே வராது, பின்வாங்காது, பந்தைப் பறிக்காது. எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் கோனிடம் கற்க முடியாது.

மீதி 35 நிமிடத்தில் 20 நிமிடம் நான்கு கோல் ஆட்டம், 15 நிமிடம் விதி ஏதும் இல்லாத சாதாரண ஆட்டம். கடைசி 15 நிமிடத்தில் பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. இடக்காலில் அடித்தால் இரண்டு கோல் என்பது போன்ற சலுகைகளை நான்கு கோல் ஆட்டத்தில் வையுங்கள், இதில் வேண்டாம். வியாசர்பாடியின் சந்துகளிலும் குமரிக் கடலோர ஊர்களின் மணலிலும் யாரும் சொல்லாமலே இந்தப் பாகம் ஆண்டாண்டாக நடக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகளின் காலில் இருக்கும் துணிச்சலுக்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். பயிற்சிக்கூடம் என்ற பெயரில் அதை அவர்களிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ரோண்டோ சேர்க்கலாம். நால்வர் வெளியே நின்று தங்களுக்குள் பாஸ் கொடுக்க, நடுவே ஒருவர் பந்தைப் பறிக்க முயலும் ஆட்டம் அது, 8 மீட்டர் சதுரம். மூன்று பாஸுக்குள் பந்து பறிபோய்க்கொண்டே இருந்தால் சதுரத்தை ஒரு மீட்டர் பெரிதாக்குங்கள். பதினைந்து பாஸைத் தாண்டினால் சிறிதாக்குங்கள், அல்லது நடுவே இன்னொருவரை விடுங்கள். பார்க்க வேண்டியது, வாங்கும் முன் உடல் பக்கவாட்டில் திறந்திருக்கிறதா, பந்து வந்த திசைக்குத் தள்ளியிருக்கும் காலில் வாங்குகிறார்களா என்பது. ஆனால் ரோண்டோவுக்குத் திசையும் இல்லை, கோலும் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

கோட்டோரச் சத்தம்

இதில்தான் நம் ஊர்ப் பயிற்சி மிக அதிகமாகக் கெட்டுப்போகிறது என்பது என் உறுதியான எண்ணம். பந்து வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "பாஸ்! பாஸ்! அடி! விடாதே!" என்று கத்துவது பயிற்சி அல்ல. முதலாவது, பயிற்சியாளர் பார்த்து, வார்த்தையாக்கி, அது பிள்ளையின் காதில் விழுந்து, கால் அசைவதற்குள் களத்தில் ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள். கேட்டபடி செய்தாலும் அந்தப் பாஸ் தாமதமாகத்தான் போகும். இரண்டாவது, பிள்ளையின் கண் களத்தை விட்டுக் கோட்டோரம் திரும்பத் தொடங்கும். பந்து காலுக்கு வந்ததும் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை எந்தச் சிறுவர் போட்டியிலும் காணலாம். மூன்றாவது, நன்றாக ட்ரிப்ளிங் செய்யக்கூடிய பிள்ளை பந்தைச் சீக்கிரம் தள்ளிவிடுவதே திட்டு வாங்காமல் இருக்கும் வழி என்று கற்றுக்கொள்கிறது. பதினைந்து வயதில் "நம்மிடம் ஆளைத் தாண்டுகிறவர்களே இல்லை" என்று வருந்துவோம். எட்டு வயதில் அவர்களை அடக்கியது நாம்தான்.

பந்து உருளும்போது பந்து வைத்திருப்பவரிடம் எதுவும் சொல்லாதீர்கள். ஆட்டம் நின்ற பிறகு, அந்த ஒருவரை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, குனிந்து அவர் உயரத்துக்கு வந்து கேளுங்கள்: "பந்து வந்தப்போ என்ன பார்த்த?" முதல் சில வாரங்களில் வரும் பதில், "பாஸ் பண்ணியிருக்கணும் சார்" என்பதாகத்தான் இருக்கும். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஊகித்துச் சொல்லும் பதில் அது. அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். "சரிடா தம்பி, யார் யார் எங்க நின்னாங்க?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், குறை பாஸில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது. அடுத்த வாரம் பந்து வரும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதைப் பழக்க வேண்டும். தெரிந்திருந்து, ஆனாலும் தாண்டிப் போக முயன்றது என்றால், அது அந்தப் பிள்ளையின் முடிவு. பந்து போனதால் முடிவு தவறாகிவிடாது. "நல்லா முயற்சி பண்ண, இன்னும் கிட்ட போய் செஞ்சு பாரு" என்பதோடு விடுங்கள். மொத்தமும் 20 வினாடிக்குள் முடிய வேண்டும். எல்லோரையும் நிறுத்தி வைத்து விளக்குவதானால் ஒரு பயிற்சியில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் அரை நிமிடம். அதற்கு மேல் பேசினால் எட்டு வயதுப் பிள்ளைகள் மண்ணைக் கிளறத் தொடங்குவார்கள், அது அவர்கள் குற்றமல்ல.

பெற்றோரிடம் "கத்தாதீர்கள்" என்று சொன்னால் பத்து நிமிடம்தான் அமைதி நிலவும். அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது நடைமுறையில் பலன் தருகிறது. ஆளுக்கொரு தாள், தங்கள் பிள்ளை எத்தனை முறை ஆளைத் தாண்ட முயன்றது, எத்தனை முறை வலுவில்லாத காலைப் பயன்படுத்தியது என்று எண்ணச் சொல்லுங்கள். வெற்றி பெற்றதா என்பது முக்கியமில்லை, முயன்றதா என்பதே கணக்கு. எண்ணுகிறவருக்குக் கத்த நேரமிருக்காது. வீட்டுக்குப் போகும் வழியில் "எத்தனை கோல் போட்ட?" என்பதைத் தவிர வேறு பேசவும் அவர்களுக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

போட்டி நாள் கணக்கு

எல்லாப் பிள்ளைக்கும் ஆட நேரம் தருவேன் என்று சொல்லாத பயிற்சியாளர் இல்லை. ஆட்டம் 1-1 ஆனதும் பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள். அதனால் முந்தின நாளே கணக்குப் போட்டுத் தாளில் எழுதிவிட வேண்டும். ஏழு பேர் ஆடும் ஆட்டம், பாதிக்கு 25 நிமிடம், வந்திருப்பவர்கள் பத்து பேர் என்றால் 50 நிமிடம் பெருக்கல் 7, மொத்தம் 350 நிமிடம். பத்தால் வகுத்தால் ஆளுக்கு 35 நிமிடம். யார் எந்த நிமிடத்தில் உள்ளே, எந்த நிமிடத்தில் வெளியே என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தாளை உதவியாளர் கையிலோ ஒரு பெற்றோர் கையிலோ கொடுத்துவிடுங்கள். உங்கள் கையில் இருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் மனம் மாறிவிடும்.

இடங்களும் அப்படியே. உயரமான பிள்ளை டிபென்டர், வேகமான பிள்ளை முன்னால், பருமனான பிள்ளை கீப்பர் என்று ஒன்பது வயதில் முத்திரை குத்துவது பெரிய அநியாயம். அந்த உடல்கள் நான்கு ஆண்டில் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பருவத்துக்குள் ஒவ்வொருவரும் பின்னால், நடுவில், முன்னால் குறைந்தது மூன்று ஆட்டமாவது ஆட வேண்டும், 11 வயது வரை கீப்பர் வேலையும் சுற்றி வர வேண்டும். நோட்டில் குறித்து வைக்காவிட்டால் இது நடக்காது.

பிறந்த மாதம்

உங்கள் அணியின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த மாதத்தை எழுதுங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்பட்டால், தேர்வு செய்யப்பட்டவர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பிறப்புகள் குவிந்திருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது வாழ்ந்த நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். டிசம்பர் பிள்ளை குட்டையாகவும் மெதுவாகவும் இருப்பது திறமைக் குறைவு இல்லை. பெல்ஜியக் கூட்டமைப்பு தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனியாகத் தேசிய இளையோர் அணி வைத்திருக்கிறது. சின்ன உடம்பு என்று பிரெஞ்சு கிளப்புகள் தள்ளிவிட்ட அந்துவான் கிரீஸ்மானை ஸ்பெயினின் ரியால் சோசியேதாத் எடுத்துக்கொண்டது. அவர் 2018-ல் பிரான்சுக்காக உலகக் கோப்பையை வென்றார். தேர்வு நடத்தும் நாளில் பிள்ளைகளைப் பிறந்த மாத வரிசையில் எண் போட்ட பிப் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத மேலங்கி) அணியச் செய்யுங்கள். 1, 2, 3 பெரியவர்கள், 15, 16 சின்னவர்கள் என்பது கண்முன்னே இருந்தால் மதிப்பீடு தானாகவே நியாயமாகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரம் குறியுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11-12 வயதிலும், பையன்களுக்கு 13-14 வயதிலும் திடீர் வளர்ச்சி வரும். நேற்று வரை இலகுவாகச் செய்ததைச் செய்ய முடியாமல் கால் தடுமாறும். குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலி என்பார்கள். எலும்பு வளரும் இடத்தை இறுகிய தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து ஓடவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைத்து, பந்து வேலையை மட்டும் வையுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். 7 முதல் 13 வயதினருக்கான பிபாவின் '11+ கிட்ஸ்' பயிற்சியில் ஏழு உடற்பயிற்சிகள் உண்டு, 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் நடந்த ஆய்வில் காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. வாரம் இருமுறை செய்தால் நல்லது. ஒற்றைக்காலில் நிற்பதும் விழப் பழகுவதும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்.

தலையால் முட்டுவதை இந்த வயதில் பழக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கூட்டமைப்பு 2015-ல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு அதைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2020-ல் வந்த வழிகாட்டுதல் 11 வயதுக்கு உட்பட்டோர் பயிற்சியில் அதை நீக்கியது.

நம் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் முதல் ஜூன் வரை மாலை ஐந்துக்கு முன் தொடங்காதீர்கள், முடிந்தால் காலை ஆறு மணி. செயற்கைப் புல் காற்றைவிட மிக அதிகமாகச் சுடும். புறங்கையை ஐந்து வினாடி வைக்க முடியாவிட்டால் அன்று அங்கே பயிற்சி இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர், தாகம் என்று கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் குடிப்பதைத் தடுப்பதைத் தண்டனையாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல் தெரிந்தால் நிழலுக்குத் தூக்கிச் சென்று உடலை நனைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பதின்மூன்றில் பதினொருவர் ஆட்டத்துக்குப் போகும்போது முதல் இரண்டு மூன்று மாதம் எல்லாம் கெட்டுப்போனது போலத் தோன்றும். பத்து மீட்டர் பாஸ் 25 மீட்டர் ஆகிவிடுகிறது, ஆப்சைடு புதிது, திடீர் வளர்ச்சியும் அதே நேரத்தில் வருகிறது. பயந்துபோய், பின்னாலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கச் சொல்லிவிடாதீர்கள். வாரம் ஒருநாள் பெரிய களம், மற்ற நாட்களில் நாலுக்கு நாலு என்று தொடருங்கள். கீப்பர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலில் 150 சென்டிமீட்டர் உயரப் பிள்ளை நிற்கிறது. தொலைவிலிருந்து தூக்கிப் போட்ட பந்துகள் தலைக்கு மேலே உள்ளே விழும், அடித்தவர்களும் அதையே வழியாக்கிக்கொள்வார்கள். பயிற்சி ஆட்டங்களில் கோல் கம்பங்களுக்கு நடுவே 1.8 மீட்டர் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்கு மேலே போகும் கோல்களை முதல் ஓராண்டுக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.